பாட்டியைப் பேச விடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கரூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு நான்கு வயது. இரண்டரை வயதில் ஆட்டிசம் என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் திருச்சிக்கு அழைத்துப் போகிறேன். ஸ்பீச் தெரபி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) இரண்டும் நடக்கின்றன. இப்போது கொஞ்ச நேரம் உட்காருகிறான், வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறான். ஆனால் பேச்சு வரவில்லை. எங்கோ கேட்ட வரிகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறான். பள்ளிக்கு உதவும், ஒரே மொழியாக இருந்தால் குழப்பம் வராது என்று தெரபிஸ்ட் சொன்னதால் ஆறு மாதமாக அவனிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறோம். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கர்ப்பமாக இருந்தபோது நான் போன் பார்த்ததுதான் காரணம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஒருவர் ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். கணவர் வேலையை விட்டுவிட்டு, சென்னைக்குக் குடிபோய், மகனை முழுநாள் தெரபியில் சேர்த்துவிடலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

சென்னையைப் பிறகு பார்ப்போம். போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. மாமியார் அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். அதை எப்படி அம்மா ஒரு செய்தி போல எழுத முடிந்தது?

சில காலமாக என் மனதை அரித்துக்கொண்டிருப்பது இதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் எத்தனையோ வீடுகளில் 'ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்' என்ற இதே உத்தரவைக் கேட்டுவிட்டேன். தமிழைத் தவிர வேறொன்றும் சரளமாக வராத ஒரு பெண், தான் பெற்ற பிள்ளையிடம் 'கம்', 'சிட்', 'ஈட்', 'டோன்ட் டச்' என்று நாலைந்து சொற்களுக்குள் ஒடுங்கிப்போகிறாள். அத்தனையும் ஏவல். கொஞ்சுவதற்கு அவளிடம் ஆங்கிலம் இல்லை. சோறு பிசையும்போது தனக்குத்தானே முணுமுணுக்கவும், கோபம் வந்தால் திட்டிவிட்டு உடனே அணைத்துக்கொள்ளவும் இல்லை. பேச்சு வரவேண்டிய வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டு, பேச்சுக்காக வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறுகிறீர்கள்.

குழப்பம் வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. கனடாவின் மாண்ட்ரியலில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், ஒரே மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களைவிட மொழியில் பின்தங்கியிருக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் இதற்கு மாறாகப் போகவில்லை. பள்ளிக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் பள்ளி தரட்டும்.

அடுத்து, 'திரும்பத் திரும்பச் சொல்கிறான், ஆனால் பேச்சு வரவில்லை' என்கிறீர்கள். திரும்பச் சொல்வதும் பேச்சுதான். பேரி பிரைசன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டார். இந்தப் பிள்ளைகள் எதிரொலிப்பதில் கேட்பது, மறுப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது எல்லாம் இருக்கின்றன.

என் அக்கா மகன் அப்படித்தான் தொடங்கினான். கும்பகோணத்தில் அவர்கள் வீட்டில் என் அம்மாவும் இருந்தாள். ஐந்து வயதுவரை அவனிடமிருந்து தெளிவாக வந்த வாக்கியம் ஒன்றே ஒன்று: 'காக்காவுக்கு ஒரு வாய்'. நேரங்கெட்ட நேரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வான். அர்த்தமில்லாத உளறல் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஸ்பீச் தெரபி கொடுத்த பெண் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, 'வீட்டில் இதைச் சொல்பவர் யார்?' என்று கேட்டார். பாட்டிதான், சோறூட்டும்போது சொல்வாள் என்றாள் அக்கா. 'அவனுக்குப் பசிக்கிறது' என்றார் அந்தப் பெண். மறுவாரம் என் அம்மாவை உள்ளே அழைத்துத் தரையில் அவனுக்கு எதிரே உட்கார வைத்தார். அவள் சொல்வதில் ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். 'காக்காவுக்கு ஒரு...' என்று நிறுத்துவாள். நாள்கணக்கில் பதிலே இருக்காது. பிறகு ஒருநாள் 'வாய்' வந்தது. வெகுநாள் கழித்து 'சோறு' வந்தது, 'தயிர்' வந்தது, 'வேண்டாம்' வந்தது. அந்த 'வேண்டாம்' வந்த அன்று அக்கா எனக்கு போன் செய்து அழுதாள். அதுவரை வேண்டாததற்கெல்லாம் தன் கையைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளை. இன்று அவனுக்கு 26 வயது. இப்போதும் நிறையப் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் என் அம்மாவின் தமிழ், தஞ்சாவூர் இழுவையோடு.

நல்ல தெரபிஸ்ட் என்று நான் சொல்வது இந்தப் பெண் போன்றவரை. அவருக்கு வாரத்தில் கிடைத்தது சில முக்கால் மணி நேரங்கள். மிச்ச நேரமெல்லாம் வீட்டாருடையது என்று தெரிந்து, வீட்டாருக்கே கற்றுக்கொடுத்தார். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களை வைத்துச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள்தான் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துப் பேசுவது, அவ்வளவுதான் முறை. பெற்றோர் பிள்ளையின் போக்கைக் கவனித்து அதற்கேற்பப் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகளும் தாங்களாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. அங்கே கருவி அம்மாவின் வாய்ப்பேச்சு. உங்கள் வீட்டில் அந்தக் கருவியைத்தான் பிடுங்கி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் தெரபிஸ்டோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளையை உட்கார வைத்ததும் கையைப் பிடித்துக் கேட்க வைத்ததும் அவர்கள் உழைப்பு. அவர் படித்த புத்தகமும் கையில் இருக்கும் படஅட்டைகளும் ஆங்கிலத்தில் இருக்கலாம். அட்டைக்குத் தமிழில் பெயர் சொல்லச் சொல்லுங்கள். படத்தைத் தொட்டால் பேசும் 'ஆவாஸ்' செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் கிடைக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். செஷனில் உங்களையும் மாமியாரையும் உள்ளே விடச் சொல்லுங்கள். கதவை மூடிக்கொண்டுதான் செய்வோம் என்றால் காரணம் கேளுங்கள்.

போன் விஷயத்தைப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை. தாயின் பாசக்குறைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பெரிய படிப்பாளிகளே ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் அதை உடைத்தெறிந்தார். அறுபது ஆண்டுகள் கழித்தும் உறவினர்கள் அதையே போனில் மாட்டிவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஸ்டெம் செல் வேண்டவே வேண்டாம். ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகத் தரக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காகச் சேமிப்பைத் தொடாதீர்கள்.

சென்னைக்குக் குடிபோவதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை போய் மதிப்பீடு செய்துகொண்டு, வீட்டில் என்ன செய்வது என்று கேட்டு வாருங்கள். மாற்றுத்திறனாளி அட்டையும், மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடும் இதுவரை எடுக்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் உண்டு. கணவர் வேலையில் இருக்கட்டும். போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். பஸ்ஸில் அவன் பக்கத்தில் அவர் உட்காரட்டும், கரூர் முதல் சென்னை வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வரட்டும்.