பழத்தின் படம் மட்டும் போதாது: வாழை ரகங்கள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: பழத்தின் படம் ஒன்றை அனுப்பியுள்ளேன். இது என்ன ரகம்? (தேனி வாசகர்)

பதில்: உரித்த பழம் ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு ரகம் சொல்ல இயலாது. இலைக்காம்பின் குறுக்குவெட்டு, தண்டின் நிறம், முழுத்தார், பூமடல் ஆகியவற்றின் படங்களை ஊர்ப்பெயருடன் அனுப்புங்கள். காம்பின் வாய் விரிந்திருந்து, மடல் வெளிப்புறமாகச் சுருண்டால், நம் ரகங்களுக்கு மூதாதையான இரு காட்டு வாழை இனங்களுள் அக்யூமினாட்டாவின் சாயல் மிகுதி. விளிம்புகள் உட்புறமாக மூடி, மடல் சுருளாமல் தூக்கினால் மற்றொரு மூதாதையான பால்பிசியானாவின் சாயல் மிகுதி. இதைப் பலமுறை எழுதியாயிற்று.

கேள்வி: கற்பூரவல்லி ஏஏபி தொகுதியா, ஏபிபி தொகுதியா?

பதில்: ஏபிபி, அதாவது ஒரு பங்கு அக்யூமினாட்டா (ஏ), இரு பங்கு பால்பிசியானா (பி). வாழை ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955இல் வகுத்த 15 பண்புகளின் மதிப்பெண் முறையைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்துவிட்டால், புறப்பண்புகளையும் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். வாழை கன்றின் வழியே பெருகுவதால், ஒரு செடியில் தற்செயலாக நேர்ந்த சடுதி மாற்றமே பிறகு தனி ரகமாக நிலைத்துவிடுவதுண்டு. செவ்வாழையும் அதிலிருந்து பிரிந்த பச்சைத்தோல் வாழையும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும், வழக்கமான மரபணுச் சோதனையில் பயன்படும் எஸ்எஸ்ஆர் என்னும் டிஎன்ஏ குறிப்பான்களில் பெரும்பாலும் ஒன்றுபோலவே காட்டும். வயலில் குறித்துவைத்த ஏடு இல்லையென்றால் அந்த வேறுபாடு அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் கல்லூரித் தோட்டத்தில் ஏறத்தாழ 60 ரகங்கள் சேர்த்துள்ளோம். பெயர்ப்பட்டியல் போட்டுவிட்டோம், அடுத்து என்ன செய்யலாம்? (பேராசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, உங்கள் பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கன்று எந்த ஊரில், யார் கொல்லையில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பது ஓரிடத்திலும் இல்லை. அவை இல்லாத பட்டியலை மரபுவள அட்டவணை என்று ஏற்பதற்கில்லை. தமிழ்நாட்டில் பூவன் என்று வாங்குவதைக் கேரளத்தில் பாளையங்கோடன் என்பார்கள். அங்கே பூவன் என்று கேட்டால் நம் ரஸ்தாளியைத் தருவார்கள். ஊரைக் குறிக்காமல் ‘பூவன்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் எந்த வாழையை நினைப்பார்? நான் பார்த்த ஒரு தோட்டத்தில் மூன்று பெயர்ப்பலகைகளின் கீழ் நின்ற வரிசைகள் தார் தள்ளியபோது மூன்றும் மொந்தனாக இருந்தன; கன்று கொடுத்தவர்கள் பெயரை எவரும் எழுதிவைக்காததால், எங்கே குழம்பியது என்று கண்டறிய வழியே இல்லாமல் போயிற்று. இத்தகைய தோட்டங்களில் ஒரே ரகத்துக்கு நான்கு இடம் ஒதுக்கப்படுகிறது. ஓரிரு வீடுகளில் மட்டும் எஞ்சியிருக்கும் ரகத்துக்கு இடமில்லை என்கிறார்கள். அதைக் காணும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. கன்று கொடுத்தவர்களிடம் திரும்பிச் சென்று, ஊர், உயரம், உள்ளூர்ப் பெயர், பயன் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஒவ்வொரு சேகரிப்புக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுங்கள். மரபணுச் சோதனைக்குப் பணம் ஒதுக்குவது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நெல்லைப் போல வாழையையும் விதையாகவே சேமிக்கலாம் அல்லவா?

பதில்: காட்டு இனங்களுக்கு அது பொருந்தும், நாம் உண்ணும் ரகங்களில் விதை ஏது? அவற்றைத் தோட்டத்தில் செடியாகவோ, ஆய்வகத்தில் திசுவாகவோதான் காக்க வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1985 முதல் இயங்கும் பன்னாட்டு வாழை வங்கியில் 1,600 அளவில் சேகரிப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி திரவ நைட்ரஜனிலும் உறைநிலையில் காக்கப்படுகிறது.

கேள்வி: சிறுமலையிலிருந்து இரண்டு கன்று கொண்டுவந்து வீட்டில் நடலாமா?

பதில்: கூடாது. இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து என்னும் நச்சுயிரி (வைரஸ்) நோய் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. நச்சுயிரிச் சோதனை முடிந்த கன்றையே வாங்குங்கள். திசு வளர்ப்புக் கன்று என்பதே நோயற்றது என்பதற்குச் சான்றாகாது. வாடல் நோயோ, கன்றில் ஒட்டிய மண்ணோடும் வரும்.

கேள்வி: வால்பாறைப் பக்கம் பாறை இடுக்கில் விதை நிறைந்த வாழை ஒன்றைக் கண்டேன். அது புதிய ரகமா?

பதில்: அடித்தண்டு பருத்து, பக்கக்கன்றே விடாமல் தனித்து நின்றிருந்தால் அது என்செட்டி என்னும் வேறு பேரினம், அதன் அடிப்படைக் குரோமோசோம் எண் 9, வாழைக்கோ 11. கன்று விட்டிருந்தால், பிடுங்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, பூமடலின் படத்துடன் மீண்டும் எழுதுங்கள்.