சீல் தின்னுதான் கடல்ல மீன் காலியாச்சா? கேட்டதும் சொன்னதும்

தூத்துக்குடியில மீன்வளம் படிச்சுட்டு இப்ப மேலூர் பக்கம் கண்மாய் மீன்பாசி குத்தகை எடுத்து ஓட்டுறேன். நீர்க்காகத் தொல்லை பத்தி பேசப்போக, பேச்சு கடல்நாய், அதான் சீல்ல போய் நின்னுருச்சு. ஆளாளுக்கு கேட்டதுக்கு ஒரே மூச்சுல சொல்லிர்றேன்.

உசிலம்பட்டி தம்பி: கனடாவுல காட் மீன் அழிஞ்சதுக்கு சீல்தான் காரணமாண்ணே?

இல்ல தம்பி, அள்ளிட்டுப் போனது கப்பலு. கனடா கிழக்குக் கரையில நியூஃபவுண்ட்லாந்து பக்கம் 1968ல மட்டும் 8 லட்சம் டன்னு பிடிச்சாய்ங்க, வெளிநாட்டுக் கப்பல வெரட்டிட்டு அப்புறம் கனடாக்காரய்ங்களே ட்ராலர், அதான் இழுவலைக் கப்பல் விட்டு வழிச்சாய்ங்க, கடைசில 1992 ஜூலைல தடை, சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம்தான் பழி சீல் மேல திரும்புச்சு. ஹார்ப் சீல் 1970கள்ல 20 லட்சம் வாக்குல இருந்து பின்னாடி 70 லட்சம் தாண்டுனது நெசம், ஆனா அது காட் மீன விட கேப்பலின்னு ஒரு பொடி மீனத்தான் நெறைய திங்கும்.

திருமங்கலம் அண்ணே: அப்ப சீல் அப்பாவிங்கிறியா?

அதுவும் இல்லண்ணே. கண்மாய் நெறஞ்சு கெடக்கையில நூறு நீர்க்காகம் எறங்குனாலும் தெரியாது, சித்திரைல வத்தி குட்டையானப்புறம் பத்து வந்தாலே சோலி முடிஞ்சுது. அதே கனடாவுல செயின்ட் லாரன்ஸ் வளைகுடா தெக்குப் பக்கம் அதான் கதை, 2009லயே காட் பிடிக்கிறத நிறுத்தியும் மீன் ஏறல, வளந்த மீனா சாகுது, அங்க சாம்பல் சீல்தான் முக்கியக் காரணம்ங்குறாய்ங்க ஆராய்ச்சி பண்றவங்க.

ஒத்தக்கடை அக்கா: எம்புட்டு தின்னுச்சுன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?

பீயக் கிளறித்தான்க்கா! பன்னா மீன் தலைய ஒடச்சா ரெண்டு வெள்ளைக் கல்லு பல்லுல கடிபடும்ல, அந்த மாதிரி காதுக்கல்லு பெரும்பாலான மீனுக்கு உண்டு, வடிவத்த வச்சு என்ன மீனு, அளவ வச்சு எம்புட்டு பெருசுன்னு சொல்லிரலாம். ஆனா சீலு சில நேரம் பெரிய காட் மீனோட வயித்த மட்டும் கடிச்சுத் தின்னுட்டு தலைய விட்ரும், அப்ப கல்லு கணக்குல வராது. பொடிக் கல்லு வயித்துலயே கரைஞ்சும் போயிரும். இதுனாலயே பாதி சண்டை.

அதே தம்பி: சுட்டுத் தள்ளிட்டா மீன் கூடிருமா?

இங்கதான் விசயமே இருக்கு. தென்னாப்பிரிக்கா பக்கம் ஹேக் மீன்ல ரெண்டு வகை, ஆழம் கம்மியான பக்கம் ஒண்ணு, ஆழத்துல ஒண்ணு. மொத வகைல பெருசு ரெண்டாவது வகைக் குஞ்ச முழுங்கும், சீலு மொத வகையத் திங்கும். சீலக் கொன்னா முழுங்குறது பெருகி மொத்த ஹேக்கே கொறஞ்சாலும் கொறையலாம்னு 1990கள்ல கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. நம்ம கண்மாயில விராலும் கெண்டைக் குஞ்சும் மாதிரின்னு வச்சுக்கங்க.

பால்டிக் கடல்ல சுடுறதோட நிக்காம பொறியவே மாத்திட்டாய்ங்க, சீலு கடிச்சு இழுக்க முடியாத கூண்டு வலை, பம்பு வச்சு உள்ள காத்து அடைச்சா அடியில இருந்து தானா மேல வரும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

திருமங்கலம் அண்ணே: சரிப்பா, நம்ம நீர்க்காகத்துக்கு?

சுட்றாதீங்க, கேஸாயிரும். பொடிக் குஞ்ச விடாம விரல் நீளம் தாண்டி வளத்து விடுங்கண்ணே, சின்ன நீர்க்காகம் முழுங்கத் திணறும். நான் போன தடவ காசு மிச்சம்னு பொடிக் குஞ்சு வாங்கி விட்டேன், மறுநாள் விடியக்காலம் மடைகிட்ட ஒரே கருப்பு.