ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், எஸ்கியூஎல் சர்வரிலிருந்து லிங்க்டு சர்வர் (வேறொரு டேட்டாபேஸோடு வைக்கும் இணைப்பு) வழியாக மைஎஸ்கியூஎல் டேபிளைப் படிக்கிறேன். வேர் (WHERE) நிபந்தனை போட்டு இருபது வரிதான் கேட்கிறேன், பத்து நிமிடம் ஆகிறது.

பதில்: டேபிளை நான்கு பகுதிப் பெயரில் (சர்வர், டேட்டாபேஸ், ஸ்கீமா, டேபிள்) எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால், பல சமயம் மொத்த டேபிளையும் இங்கே இழுத்து வந்த பிறகுதான் வடிகட்டும். ஓப்பன்கொயரிக்கு மாறுங்கள். அதற்குள் இருக்கும் கொயரி அப்படியே மைஎஸ்கியூஎல்லுக்குப் போய் அங்கேயே ஓடும். இருபது வரி மட்டும் திரும்பி வரும். உள்ளே அந்த ஊர்ப் பாஷைதான் செல்லும்: டாப் 20 எடுபடாது, லிமிட் 20 என்று எழுதவேண்டும்.

கேள்வி: ஓப்பன்கொயரிக்குள் வேரியபிள் கொடுத்தால் எரர் வருகிறதே?

பதில்: ஏற்காது. பலரும் கொயரியை ஸ்ட்ரிங்காகக் கட்டி, ஒற்றை மேற்கோள்களை எண்ணி எண்ணியே களைத்துப்போகிறார்கள். எக்ஸெக் கட்டளையை 'அட் லிங்க்டு சர்வர்' வடிவில் எழுதினால், கேள்விக்குறி வைத்த இடத்தில் மதிப்பைத் தனியாக அனுப்பலாம். லிங்க்டு சர்வரில் ஆர்பிசி அவுட் (அங்கே கட்டளை அனுப்ப அனுமதி) செட்டிங் ஆன் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: தமிழ்ப் பெயர்கள் எல்லாம் எஸ்கியூஎல் சர்வருக்கு வந்ததும் ????? ஆகிவிட்டன. திருப்ப முடியுமா?

பதில்: முடியாது. கேள்விக்குறியாகச் சேமித்த கணமே பழைய எழுத்து போய்விட்டது. அந்த நெடுவரிசையை (column) யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் என்வார்காராக மாற்றிவிட்டு மறுபடி இழுங்கள். 2019 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்து அமைப்பு) வைத்தால் வார்காரிலும் நிற்கும்.

கேள்வி: மைஎஸ்கியூஎல்லில் இருக்கும் 0000-00-00 தேதியை போஸ்ட்கிரெஸ் ஏற்கவில்லை. ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம். நான் ஒருமுறை அவசரத்தில் எல்லாவற்றையும் 1900-01-01 ஆக்கினேன். வயது அறிக்கையில் நூறு தாண்டியவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள்! மைஎஸ்கியூஎல் பக்கமே ஒரு வியூ (சேமித்து வைக்கும் கொயரி) எழுதி, பூஜ்யத் தேதியை நல் (NULL, மதிப்பே இல்லை) ஆக்கி எடுங்கள். அதற்கு முன், அந்தப் பூஜ்யம் 'தெரியாது' என்பதா, 'இன்னும் நடக்கவில்லை' என்பதா என்று டேட்டாவைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே நெடுவரிசையில் கலந்திருப்பதும் உண்டு.

கேள்வி: போஸ்ட்கிரெஸுக்கு எல்லாம் ஏற்றியாயிற்று. முதல் புதிய பதிவிலேயே டூப்ளிகேட் கீ!

பதில்: ஐடியையும் சேர்த்து இன்சர்ட் செய்ததால் சீக்வென்ஸ் (அடுத்த ஐடியைத் தரும் எண்ணி) நகரவே இல்லை, இன்னும் 1-இல் நிற்கிறது. டேபிளின் அதிகபட்ச ஐடியைக் கொடுத்து செட்வால் ஓட்டுங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும்.

கேள்வி: மைஎஸ்கியூஎல்லிலிருந்து ஆரக்கிளுக்கு மாற்றினேன் அண்ணா. இரு பக்கமும் கவுண்ட் ஸ்டார் ஒன்றுதான். போதுமா?

பதில்: போதாது, அது வரிகளை மட்டும் எண்ணுகிறது. வெற்று ஸ்ட்ரிங்கை ஆரக்கிள் 'நல்' (NULL) என்றே எடுத்துக்கொள்ளும். நெடுவரிசையின் பெயரைக் கொடுத்து கவுண்ட் எடுத்துப் பாருங்கள். வெற்று ஸ்ட்ரிங் இருந்தால் ஆரக்கிள் எண்ணிக்கை குறையும். அப்புறம், அந்த நெடுவரிசையை வெற்று மேற்கோளோடு ஒப்பிடும் பழைய கொயரிகள் ஒரு வரியும் தராது, எரரும் காட்டாது. அவற்றைத் தேடிப்பிடித்து 'இஸ் நல்' என்று மாற்றுங்கள்.