போர்வெல் தண்ணீரில் வெள்ளை வேட்டி செம்மஞ்சளாகிறது

பிளீச்சிங் பவுடரை முதலில் நிறுத்துங்க. காங்கேயம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் துவைத்த வேட்டியில் திட்டுத்திட்டாகக் கறை என்கிறீர்கள். அதை அதிகமாக்குவதே அந்தப் பவுடர்தான்.

காரணம் அநேகமாக இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாதவரை அது கரைந்தே கிடக்கும், நிறம் தெரியாது. ஆக்சிஜன் பட்டதும் துருவாகி நூலில் ஒட்டிக்கொள்ளும். பவுடர் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது. (கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கியவர்கள் நம் பக்கத்து ஆட்கள். அது நம்மை இன்னும் விடுவதாயில்லை!)

தொட்டிக்குப் போகும் முன்பே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்க. தெளிவாக வந்தது காலையில் பழுப்பேறி அடியில் வண்டல் நின்றால் இரும்புதான். பிடிக்கும்போதே சிவப்பாக வந்தால் பழைய இரும்புக் குழாய் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இரும்பு என்றால், தண்ணீரை ஒரு நாள் தெளியவிட்டு மேல் தண்ணீரில் துவையுங்க. கறைக்கு எலுமிச்சைச் சாறு போதும். நாள்பட்டது முழுக்கப் போகாது.

ஆனால் பவுடர் போட்ட துணியை நன்றாக அலசாமல் எலுமிச்சையோ, பாத்ரூம் ஆசிட்டோ படவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆகாது.