2020 மே மாதம் கொரோனா பொதுமுடக்கம் தளர்ந்தபோது, இங்கிலாந்தில் பொழுதுபோக்குக்குப் படகு ஓட்ட முடிந்ததா?

முடிந்தது. 2020 மே 13 முதல் அனுமதி இருந்தது. பாய்மரப் படகு, கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு), சொந்த மோட்டார் படகு எல்லாமே சரி என்றார்கள், ஆனால் அந்த ஆற்றையோ கால்வாயையோ நிர்வகிக்கும் அமைப்பு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது.

பலர் கோட்டை விட்டது இரவு தங்கும் விஷயத்தில்தான். படகு சொந்தப் படகே என்றாலும், உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் இருந்தாலும், ராத்திரிக்கு வீடு திரும்பியாக வேண்டியிருந்தது (படகிலேயே குடியிருப்பவர்களுக்கு அதுதான் வீடு, அது வேறு கதை). வேறு வீட்டுக்காரர் ஒருவரை வெளியே சந்திக்க முடிந்தது, 2 மீட்டர் தள்ளி நின்று. சின்னப் படகில் அதெல்லாம் எங்கே நடக்கும்?

அப்புறம், காரில் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வேல்ஸுக்கோ ஸ்காட்லாந்துக்கோ போகவும் கூடாது என்றிருந்தது. அங்கே அப்போது விதிகள் வேறு, இந்தத் தளர்வு அங்கே செல்லவில்லை.