கணக்குக் கெடாத மென்பொருளுக்கு எந்த மொழி?

நிரல்மொழிகள், இணையக் கருவிகள் பற்றிக் கொங்கு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கோவையில் பணிபுரியும் மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் பதிலளிக்கிறார்.

பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பீஸ் ரேட் கூலி, டெலிவரி சலான், வாரச் சம்பளம் ஆகியவற்றுக்கு மென்பொருள் வேண்டும். ஒருவர் பிஎச்பி போதும் என்கிறார். மற்றொருவர் அது செத்துப்போன மொழி என்றும், ரியாக்ட் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்லி மூன்று மடங்கு விலை கேட்கிறார். யாரை நம்புவது?
— தையல் யூனிட் உரிமையாளர், திருப்பூர்

முதலாமவர் பக்கம்தான் நான் நிற்பேன். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட, சர்வரில் ஓடும் இணைய நிரல்மொழியான பிஎச்பி, தொடக்கத்தில் ஒழுங்கில்லாமல் வளர்ந்தது உண்மை. ஆனால் 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அதன் வேகமும் கட்டுக்கோப்பும் வெகுவாக மாறிவிட்டன. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும், உலகெங்கும் பரவியிருக்கும் வேர்டுபிரஸும் அந்த மொழியில் எழுதப்பட்டவையே. ரியாக்ட், இணையப் பக்கத் திரைகளை அமைக்க 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட நல்ல கருவி. பயனர் ஒரே திரையில் அமர்ந்து நொடிக்கு நொடி எதையாவது மாற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் அதன் அருமை தெரியும். உங்கள் யூனிட்டில் சூப்பர்வைசர் மாலையில் லைன்வாரியாக பீஸ் எண்ணிக்கையைப் பதிவார். வாரக் கடைசியில் சம்பளப் பட்டியல் அச்சாக வேண்டும். இதற்கு ஒரு படிவமும் ஓர் அட்டவணையும் போதும். எழுதிக் கொடுத்தவர் நாளை வேறு ஊருக்குப் போய்விட்டாலும், பிஎச்பி தெரிந்த இன்னொருவர் உங்கள் பக்கத்திலேயே கிடைப்பார் என்பதையும் விலையோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பணத்தை எந்த வகை எண்ணாகச் சேமிக்கப் போகிறார்? ஒரு பீஸுக்குக் கூலி 4 ரூபாய் 35 காசு, ஒருவர் 100 பீஸ் தைத்தார் என்று வைத்துக்கொள்வோம். கைக்கணக்கில் 435 ரூபாய். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 4.35ஐ 100ஆல் பெருக்கச் சொன்னால் 434.99999999999994 என்று விடை வரும். பைத்தானிலும் அதே விடைதான். தசமப் பகுதியை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கும் நிரலாக இருந்தால், தைத்தவர் கையில் 434 ரூபாய்தான் சேரும். இது எந்த மொழியின் குற்றமும் அல்ல. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவதைப் போல, 4.35 என்ற எண்ணை இரும முறையில் முடிவுறும்படி எழுத இயலாது. ஆகவே கணினி அதற்கு மிக அருகிலுள்ள வேறோர் எண்ணை வைத்துக்கொள்கிறது. 1985இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 என்ற தரத்தின்படி அநேகமாக எல்லா மொழிகளும் இவ்வாறே நடந்துகொள்கின்றன.

தீர்வு எளிது. தொகையைக் காசுக் கணக்கில் முழு எண்ணாக வைக்கலாம், அல்லது தரவுத்தளத்தில் தசம எண்ணை அப்படியே வைக்கும் டெசிமல் என்ற வகையைப் பயன்படுத்தலாம். பன்னிரண்டரைக் காசு என்று ரேட் பேசும் வேலைகளும் இருப்பதால், உங்களுக்கு நான்கு தசம இடம் கொண்ட டெசிமல் வகையே பொருத்தம். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்பவர் எந்த மொழியில் எழுதினாலும் நம்பிக் கொடுக்கலாம். வாரம் முழுக்க பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவரின் கூலி ஒரு ரூபாய் குறைவதைச் சிறிய பிழை என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் இன்னும் டர்போ சி மென்பொருளில்தான் சி மொழி கற்றுத் தருகிறார்கள். சீனியர்கள் நேராகப் பைத்தானுக்குப் போய்விடச் சொல்கிறார்கள். சி காலாவதியாகிவிட்டதா?
— பொறியியல் மாணவி, கோபிசெட்டிபாளையம்

காலாவதியானது டர்போ சிதான்; சி மொழி அன்று. பெல் ஆய்வகத்தில் 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில்தான் லினக்ஸின் கருவும், நீங்கள் தரவிறக்கிப் பயன்படுத்தும் பைத்தானும் எழுதப்பட்டுள்ளன. தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கும் ஸ்டார்ட்டர் கருவி போன்றவற்றின் உள்ளே இருக்கும் சிறிய சில்லுகளுக்கும் பெரும்பாலும் சியில்தான் நிரல் எழுதுகிறார்கள். பம்பு செட் தொழில் செழித்த கோவையில் அந்தத் திறமைக்கு மதிப்பு உண்டு.

டர்போ சி பழைய டாஸ் காலத்துக் கருவி. அதில் இன்ட் வகை எண் 16 பிட் மட்டுமே என்பதால், 32767உடன் ஒன்றைக் கூட்டினால் விடை மைனஸ் 32768 ஆகிவிடும். இன்றைய கணினிகளில் அந்த வகை பொதுவாக 32 பிட். ஆய்வகத் தேர்வை அவர்கள் சொன்னபடி எழுதிவிட்டு, வீட்டில் ஜிசிசி என்ற இலவச கம்பைலரை (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவியை) நிறுவிப் பழகுங்கள். பைத்தானை அதன் பிறகு தொட்டாலும் தாமதமாகிவிடாது. நினைவகம் எங்கே ஒதுக்கப்படுகிறது, எப்போது விடுவிக்கப்படுகிறது என்பதைச் சியில் ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு, பைத்தானில் ஒரு பட்டியலை இன்னொரு பெயரில் வைத்து மாற்றும்போது முதல் பட்டியலும் ஏன் மாறுகிறது என்பது உடனே விளங்கும்.

எங்கள் ஹோம் டெக்ஸ்டைல் நிறுவனத்தின் பில்லிங் மென்பொருள் பழைய பிஎச்பியில் எழுதப்பட்டது. எழுதியவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார். சர்வர் நிறுவனம் பிஎச்பி பதிப்பை உயர்த்தியதும் வெற்றுத் திரை மட்டுமே வருகிறது. ஜாவாவில் புதிதாக எழுதச் சொல்லலாமா?
— கணக்காளர், கரூர்

வேண்டாம். நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய செயற்கூறுகள் நிரலில் பரவிக் கிடக்க வாய்ப்பு அதிகம். ஏழாம் பதிப்பில் அவை அறவே நீக்கப்பட்டுவிட்டன. பிழைச்செய்தியைக் காட்டாதபடி சர்வரில் அமைத்திருந்தால், நிரல் முறிந்ததும் வெற்றுத் திரைதான் தெரியும்; காரணம் எர்ரர் லாக் கோப்பில் இருக்கும், அதை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிப்புக்கே திரும்பிப் போகும் யோசனையும் சரியல்ல, ஏனெனில் 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டன.

தரவுத்தளம் முழுவதையும் டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு கணினியில் ஏற்றி, அங்கே தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வினவலையும் பிடிஓ என்ற பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றும்போது, பயனர் தட்டச்சு செய்ததை வினவல் வாக்கியத்தோடு நேரடியாக ஒட்டாமல், பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் வழியாகத் தனியே அனுப்பச் செய்தால், வெளியாள் ஒருவர் பெட்டியில் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியின் கட்டளையை எழுதித் தரவைத் திருடும் வழியும் அடைபடும். புதிதாக எழுதுவதை நான் தடுப்பதற்குக் காரணம் உண்டு. எந்த பையருக்கு எத்தனை சதவீதத் தள்ளுபடி, எந்த இன்வாய்ஸில் எப்படி முழுமையாக்க வேண்டும் என்பன போன்ற பல விதிகள் இன்று அந்தப் பழைய நிரலுக்கு மட்டுமே தெரியும். அவற்றை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். புது மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகு பையரிடமிருந்து கடிதம் வரும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வருகைப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்தார். தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் கவிதாவுக்கு முன் கற்பகம் வருகிறது. கோமதி என்று தேடினால் சில நேரம் கிடைப்பதில்லை. கணினிக்குத் தமிழ் சரிவராது என்று சக ஆசிரியர் சொல்கிறார். உண்மையா?
— தமிழாசிரியை, ஈரோடு

உண்மையல்ல, அம்மா. இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் எழுதப்படும் மென்பொருள்களில் நான் மீண்டும் மீண்டும் காணும் குறை இதுவே. இதைச் சரிசெய்யச் சில வரிகள் போதும் என்றிருந்தும் பலர் செய்வதில்லை.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கான இடத்தை ஒதுக்கியபோது, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற பழைய குறியீட்டின் அடுக்கைப் பின்பற்றினார்கள். அதனால் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் அமைந்துவிட்டன. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே வரிசை. பெயர்களை வெறும் எண் வரிசையில் அடுக்கும் நிரலுக்கு ற முந்தியது, வ பிந்தியது; ஆகவே கற்பகம் முன்னால் வந்துவிடுகிறார். ஜாவாஸ்கிரிப்ட்டில் சார்ட் என்ற செயற்கூற்றை அப்படியே அழைத்தால் இதுதான் நடக்கும். இன்டல் கொலேட்டர் என்ற வசதிக்குத் தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டு, அதைக் கொண்டு அடுக்கச் சொன்னால் கவிதா முதலிலும் கற்பகம் பின்னும் சரியாக வருவார்கள். தரவுத்தளத்திலேயே அடுக்க வேண்டுமானால், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் பத்தாம் பதிப்பிலிருந்து, மொழிக்கேற்ற வரிசையில் அடுக்கும் ஐசியூ கொலேஷன் இருக்கிறது.

கோமதி கிடைக்காததற்குக் காரணம் வேறு. கோ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

அந்த மாணவரிடம் இன்னொன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். கொங்கு என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று என்று உங்கள் வகுப்புக் குழந்தைகளே சொல்வார்கள். வழக்கமான முறையில் சேமித்தால் பைத்தான் அதை ஆறு என்று எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆவதால், பிஎச்பியின் ஸ்டிரிங் லென்த் செயற்கூறு 18 என்று சொல்லும். பெயர்ப் பெட்டியில் இருபதுக்கு மேல் கூடாது என்று எந்தக் கணக்கில் வரம்பு வைத்தார் என்று தெரியாவிட்டால், நீளமான பெயருள்ள குழந்தைக்குச் சான்றிதழில் பாதிப் பெயர்தான் அச்சாகும். மூன்று என்றே எண்ணுவதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டரும், பிஎச்பியில் கிராஃபீம் வகைச் செயற்கூறுகளும் உள்ளன.

கோவையில் வேலைக்குச் சேர்ந்து இணையப் பக்கங்கள் எழுதுகிறேன். ஒரு பிரேம்வொர்க்கை (ஆயத்த நிரல் சட்டகத்தை) கற்று முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எதில் நிலைத்து நிற்பது?
— இளம் பொறியாளர், நாமக்கல்

வேலையில் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். சொந்த நேரத்தை அதற்கு அடியில் உள்ளவற்றுக்குக் கொடுங்கள். 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற பிரேம்வொர்க்கைக் கற்றவர்கள், 2016இல் வந்த இரண்டாம் ஆங்குலர் முற்றிலும் வேறாக இருந்ததால் மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. பழையதற்கான ஆதரவு 2021 இறுதியில் நின்றது. ஆனால் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், இவை எல்லாவற்றுக்கும் கீழே இன்றும் இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ எச்டிஎம்எல்லில் எழுதிய முதல் இணையப் பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. எச்டிஎம்எல் படிவம் எப்படி அனுப்பப்படுகிறது, குக்கி எங்கே தங்குகிறது, எச்டிடிபி விடையில் 301க்கும் 302க்கும் என்ன வேறுபாடு, எஸ்க்யூஎல்லில் இன்டெக்ஸ் எப்போது பயன்படாமல் போகிறது என்பவற்றை அறிந்தவரைப் புதிய பிரேம்வொர்க் எதுவும் மிரட்டாது.

பிறர் எழுதிப் பகிரும் நிரல் பொதிகளைச் சேர்ப்பதிலும் நிதானம் வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பொதியை அதன் ஆசிரியர், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். சொல்லுக்கு இடப்புறம் இடைவெளி நிரப்பும் 11 வரி நிரல் அது. அதை நேரடியாகவோ வேறு பொதிகள் வழியாகவோ சார்ந்திருந்த எத்தனையோ திட்டங்கள் அன்று உலகெங்கும் நிறுவ முடியாமல் நின்றன. பத்து வரியில் நீங்களே எழுதக்கூடியதற்குப் பொதி சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேதிக் கணக்கு, கடவுச்சொல் மறைகுறியாக்கம் போன்றவற்றுக்கு மட்டும், நெடுநாள் பராமரிக்கப்படும் பொதியையே நாடுங்கள். அவற்றை நீங்களே எழுதவும் வேண்டாம்.

மஞ்சள் மண்டியில் விரலி, கிழங்கு வரவும் விற்பனையும் ஒரே கணினியில் பதிகிறோம். இதற்குப் பெரிய சர்வர் தேவையா?
— மண்டி எழுத்தர், பெருந்துறை

தேவையில்லை. எஸ்க்யூலைட் போதும். 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வரும் இந்தத் தரவுத்தளத்துக்கு உரிமக் கட்டணம் கிடையாது. தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். 2050 வரை பராமரிப்பது தங்கள் நோக்கம் என்று அதை உருவாக்குபவர்களே அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் எழுதும் நிலை வந்தால் மட்டும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறுங்கள். நகல் எடுக்கும்போது, ஏலப் பதிவு நடந்துகொண்டிருக்கையில் கோப்பை வெறுமனே பென் டிரைவுக்கு இழுத்துப் போடாதீர்கள், பாதி எழுதப்பட்ட நிலையில் நகல் கெட்டுப்போகலாம். எஸ்க்யூலைட்டிலேயே உள்ள பேக்கப் கட்டளையால் எடுத்து, எடுத்த நகலை வேறு கணினியில் ஒருமுறை திறந்து, அன்றைய கடைசி மூட்டை வரை பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.