வாசகர் கேள்வி: நடவா, களையெடுப்பா?

கேள்வி: வயல் வேலைகளை வீடியோவில் அடையாளம் காண, படத்தையும் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கிளிப் (CLIP) என்ற ஏஐ மாடலைப் பயன்படுத்துகிறேன். வீடியோவுக்கு 8 ஃபிரேம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாடல் தரும் எண் வரிசையை (வெக்டார்) சராசரி போட்டு, வேலைகளின் பெயரோடு ஒப்பிடுகிறேன். டிராக்டர் உழவு, மிஷின் அறுவடை சரியாக வருகிறது. நடவையும் களையெடுப்பையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. இன்னும் வீடியோ சேர்த்தால் சரியாகுமா?
– பொறியியல் மாணவி, மன்னார்குடி

பதில்: அது மட்டும் போதாது. கோளாறு சராசரியில் இருக்கிறது. 2021-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கிளிப், 40 கோடி படங்களையும் அவற்றின் வாசகங்களையும் வைத்துப் பயின்றது. அத்தனையும் அசையாப் படங்கள். டிராக்டரை ஒரே படத்தில் கண்டுகொள்ளும். நடவிலோ குனிந்த முதுகு, இடது கையில் நாற்று முடி; களையெடுப்பிலும் அதே குனிவு, இடது கையில் பிடுங்கிய களை. வித்தியாசம் வலது கையில்தான்: நடவில் நாற்றோடு சேற்றில் இறங்கி வெறுங்கையாக மேலே வரும், களையெடுப்பில் வெறுங்கையாக இறங்கிக் களையோடு வரும். சராசரி போட்டால் எது முன்னே, எது பின்னே என்பதே அழிந்துவிடும். ஃபிரேம்களைத் தலைகீழ் வரிசையில் கொடுத்துப் பாருங்கள், விடை இம்மியும் மாறாது.

எனவே ஒவ்வொரு ஃபிரேமின் வெக்டாரோடும் அது எத்தனையாவது ஃபிரேம் என்பதைக் குறிக்கும் எண் வரிசையை (எம்பெடிங்) சேர்த்து, ஒன்றிரண்டு அடுக்கு டிரான்ஸ்ஃபார்மர் (ஃபிரேம்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பார்க்கும் நியூரல் நெட்வொர்க்) வழியே அனுப்புங்கள். கிளிப்பை மாறாமல் நிறுத்தி (ஃப்ரீஸ் செய்து) வைத்துவிட்டு முதலில் இந்த அடுக்கை மட்டும் பயிற்றுங்கள். போதவில்லை என்றால் கிளிப்பையும் பயிற்சிக்குத் திறக்கலாம். அப்போது லேர்னிங் ரேட் (ஒவ்வொரு அடியிலும் மாடலை எவ்வளவு மாற்றுவது என்ற அளவு) 0.000005 அளவில் இருக்கட்டும். கூட்டினால் ஏற்கெனவே தெரிந்ததையும் மறந்துவிடும்.

10 விநாடிக்கு 8 ஃபிரேம் என்றால் 1.25 விநாடிக்கு ஒன்று. கை தேர்ந்தவர் அதற்குள் ஒரு குத்து நட்டிருப்பார். 3 விநாடித் துண்டில் 16 ஃபிரேம் எடுங்கள். அதைவிட முக்கியம், ஆளைச் சுற்றி வெட்டி எடுப்பது. 1080 பிக்சல் உயரப் படம் மாடலுக்காக 224-க்குச் சுருங்கும்போது 60 பிக்சல் கை 12 பிக்சலாகிவிடும். மாடல் படத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒரு கட்டமே, கிளிப்பின் வகையைப் பொறுத்து, 14 முதல் 32 பிக்சல். கை தெரியாமல் நாற்று எங்கே தெரியும்?

பெயர்களை ஆங்கில வாக்கியமாகக் கொடுங்கள்; கிளிப் பயின்ற வாசகம் பெரும்பாலும் ஆங்கிலம். ‘சேற்றில் நாற்றை ஊன்றும் பெண்’ என்பதுபோலச் செயலை விவரிக்க வேண்டும்.

தரவைப் பெருக்க வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிச் சேர்த்துவிடாதீர்கள், நடவு களையெடுப்பாகிவிடும். ஒரே வயலின் துண்டுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பங்கிடவும் வேண்டாம். சேறு என்றால் நடவு, பச்சை என்றால் களை என்று மாடல் நிறத்தை வைத்தே தப்பித்துக்கொள்ளும். குறுவையில் எடுத்ததைப் பயிற்சிக்கு வையுங்கள். சோதனைக்கு வேறு ஊரின் சம்பா வயல், அதிலும் பாதி நட்ட வயலாகப் பார்த்து எடுங்கள்.